ஒதுக்குவதும் ராகிங்தான்

தில்லி லாஜ்பத் நகரில் 2014 ஜனவரியில், தலைமுடியைக் கேலி செய்தவர்களுடன் ஏற்பட்ட தகராறில் அருணாசலப் பிரதேச மாணவர் ஒருவர் தாக்கப்பட்டு உயிரிழந்தார். அதையடுத்து மத்திய அரசு அமைத்த பேஸ்பருவா குழு, இனத்தைச் சொல்லி இழிவுபடுத்துவதைத் தண்டிக்க இந்திய தண்டனைச் சட்டத்தில் தனிப் பிரிவுகளைப் பரிந்துரைத்தது. அச்சட்டத்துக்கு மாற்றாக 2024 ஜூலையில் பாரதிய நியாய சம்ஹிதை நடைமுறைக்கு வந்தபோதும் அப்பிரிவுகள் இடம்பெறவில்லை.

சட்டம் இல்லை என்று கல்லூரிகள் கைவிரிக்க முடியாது. இனம், நிறம், மொழி, பிறந்த இடம் ஆகியவற்றின் பெயரால் சக மாணவரை ஒதுக்கித் துன்புறுத்துவதும் ராகிங்தான் என 2016-லேயே பல்கலைக்கழக மானியக் குழு விதியைத் திருத்திவிட்டது. ஆனால், ராகிங் என்றால் அடி, உதை மட்டுமே என்று நிர்வாகங்கள் இன்னமும் எண்ணுகின்றன போலும்! வடகிழக்கு மாநில மாணவர்களுக்கு முகத்தோற்றத்தை வைத்துப் பட்டப்பெயர் சூட்டுவதையும், கலை விழாக் குழுக்களில் சேர்க்காமல் விலக்குவதையும் விளையாட்டென்று விட்டுவிடாமல், ராகிங் தடுப்புக் குழுக்கள் அவ்விதியின்கீழ் விசாரிக்க வேண்டும்.