கிளாம்பாக்கம் சென்னை அல்ல

பயந்தபடியேதான் நடந்தது. 2024 பிப்ரவரியில், நள்ளிரவில் பேருந்து கிடைக்காத பயணிகள் கிளாம்பாக்கம் புதிய பேருந்து நிலையத்தில் சாலை மறியல் செய்த பிறகே, கூடுதல் பேருந்து பற்றி அதிகாரிகள் வாய் திறந்தார்கள். 2023 டிசம்பர் 30-ல் அந்த நிலையத்துக்குத் திறப்பு விழா. உடனே அரசு விரைவுப் பேருந்துகளை அங்கே மாற்றினார்கள். 2024 ஜனவரி 24-ல் ஆம்னி பேருந்துகள், 30-ல் மற்ற அரசுப் பேருந்துகள். ஒரே மாதத்தில் தென் மாவட்டத்துக்காரர்களைக் கோயம்பேட்டிலிருந்து கிளப்பிவிட்டாயிற்று. ஆம்னி முதலாளிகளாவது உயர் நீதிமன்றம் போய், போரூரிலும் சூரப்பட்டிலும் ஆளை ஏற்றி இறக்க இடைக்கால அனுமதி வாங்கிவிட்டார்கள். அரசுப் பேருந்தை நம்பிப் போகிறவர்களுக்காக வழக்காட யார் இருக்கிறார்கள்?

கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள எங்கள் மணவாளக்குறிச்சியிலிருந்து சென்னை சுமார் 700 கிலோமீட்டர். இரணியலில் நிற்கும் ரயிலில் நினைத்த நாளில் இடம் கிடைக்காது. ஆகவே டவுன் பஸ் பிடித்து நாகர்கோவில் அண்ணா பேருந்து நிலையம், அங்கிருந்து இன்னொரு பஸ்ஸில் வடசேரி, வடசேரியிலிருந்து விரைவுப் பேருந்து. முன்பு அந்தப் பேருந்து தாம்பரம், கிண்டி, வடபழனி என்று வழியெல்லாம் ஆளை இறக்கிக்கொண்டே கோயம்பேடு போகும். கோயம்பேட்டில் படியிறங்கினால் மெட்ரோ. இப்போது விடிவதற்கு முன்பே, நகரத்துக்கு வெகு தொலைவில், "எல்லாரும் இறங்குங்க" என்கிறார் நடத்துநர்.

இறங்குகிறவர்கள் யார் என்று திட்டம் போட்டவர்கள் ஒருமுறையாவது பார்த்ததுண்டா? ஒரு கையில் ஸ்கேன் படம் வைத்த பெரிய கவர், மறு கையில் துணிப்பை, கூடவே நடக்க முடியாத கணவர். அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கோ சென்ட்ரல் எதிரிலுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கோ போகவேண்டிய அம்மா அவர். இரவு முழுக்க உட்கார்ந்து வந்து கால் வீங்கியிருக்கும். அந்த நிலையில், விரைவுப் பேருந்துகள் நிற்கும் பகுதியிலிருந்து மாநகரப் பேருந்து நிற்கும் இடம்வரை மூட்டை முடிச்சோடு நடக்க வேண்டும். பிறகு கோயம்பேடு போகும் 70வி பேருந்து வரக் காத்திருந்து, வந்ததும் முண்டியடித்து ஏறி, மறுபடி ஒரு முப்பது கிலோமீட்டர் போனால்தான் பழைய கோயம்பேடு. ஆட்டோக்காரர் கேட்கும் தொகையோ, ஊரிலிருந்து வந்த டிக்கெட் காசையே சில்லறையாக்கிவிடும். மகனுக்கு அவித்த மரச்சீனியும் பேரனுக்கு நேந்திரங்காய் வற்றலும் கட்டிக்கொண்டு வருகிற பாட்டிகளின் பாட்டைச் சொல்லவே வேண்டாம்.

நிலையத்தை மாற்றியதால், தெற்கிலிருந்து சென்னைக்குள் நுழையும் ஜி.எஸ்.டி. சாலையில் நெரிசல் குறையும் என்கிறார்கள். குறையட்டும். அதற்கான விலையை எங்கள் தலையில் மட்டும் கட்டுவது எந்த ஊர் நியாயம்?

தொண்ணூறு ஏக்கருக்குச் சற்றே குறைந்த இடத்தில், ஏறத்தாழ 400 கோடி ரூபாயில் கட்டிய நிலையம் இது. அடிக்கல் நாட்டியது 2019-ல். சாலைக்கு அந்தப் பக்கம்தான் ரயில் பாதை ஓடுகிறது. வண்டலூருக்கும் ஊரப்பாக்கத்துக்கும் நடுவே ஒரு ரயில் நிலையம் கட்ட ஐந்தாண்டு போதாதா? பேருந்து நிலையத்தைத் திறந்துவிட்ட பிறகுதான் அந்த வேலையைத் தொடங்கினார்கள். வாசல் வைக்காமல் வீட்டைக் கட்டிப் பால் காய்ச்சியது போலத்தான் இது. விமான நிலையத்திலிருந்து பதினைந்து கிலோமீட்டர் மெட்ரோவை நீட்டும் திட்டமும் அப்போது காகிதத்தில்தான் இருந்தது.

திட்டம் போடுகிறவர்களுக்கு இது புதிதும் அல்ல. பாரிமுனையிலிருந்து வெளியூர்ப் பேருந்துகளைப் பெயர்த்து 2002-ல் கோயம்பேட்டுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே மெட்ரோ வர 2015 ஆயிற்று. பதின்மூன்று ஆண்டு! அந்த வசதி பழகி முடிப்பதற்குள் மறுபடி பெயர்த்துவிட்டார்கள். பறக்கும் ரயில் கதையும் இதுதான்: 2007-ல் அது வேளச்சேரிக்கு வந்தது. அங்கிருந்து பரங்கிமலை வெறும் ஐந்து கிலோமீட்டர். தூண்கள் எழுந்து நின்றும், கிளாம்பாக்கம் நிலையத்தைத் திறந்தபோதுகூட அந்தத் தடத்தில் ரயில் ஓடவில்லை. ஆட்சிகள் மாறின, கோப்புகளில் கையெழுத்துகளும் மாறின. இடத்தை முதலில் மாற்று, வழியைப் பிறகு யோசி என்கிற புத்தி மட்டும் மாறவில்லை. மேசையில் வரைபடத்தை விரித்துக் கோடு போடுகிறவர்களில் எத்தனை பேர் அதிகாலை நாலரை மணிக்கு மூட்டையோடு மாநகரப் பேருந்துக்கு நின்றிருப்பார்கள்? வாசலில் கார் நிற்பவர்களுக்கு முப்பது கிலோமீட்டர் என்பது வெறும் எண்.

மண்டைக்காட்டுக் கோயிலின் மாசிக் கொடை ஆண்டுதோறும் வரும். அடுத்து பங்குனி, பிறகு பள்ளி விடுமுறை. சென்னையிலிருந்து ஊருக்கு வரும் பிள்ளைகளெல்லாம் கிளாம்பாக்கத்தில் அல்லாடத்தான் போகிறார்கள். வழி வசதிகள் முழுதாக வரும்வரை தென்கோடிப் பேருந்துகளை நகரத்துக்குள் விடுவதற்கு ஏதேனும் ஓர் ஏற்பாடு செய்தே ஆக வேண்டும். எப்படி என்பதை, சம்பளம் வாங்கிக்கொண்டு யோசிப்பவர்கள் யோசிக்கட்டும்.

தேர்தல் எப்போது வந்தாலும் மணவாளக்குறிச்சி சந்திப்பில் கைகூப்பி நிற்கப்போகும் ஒவ்வொரு வேட்பாளரிடமும் கேளுங்கள்: எங்கள் பஸ் சென்னைக்குள் எப்போது போகும்? "ஆவன செய்வோம்" என்று சொன்னால் விடாதீர்கள். தேதி கேளுங்கள்.