பூஞ்சை போயாச்சு, சிவப்பு போகலையா? அந்த ‘த்ரீ இன் ஒன்’ ட்யூப் வேண்டாமே!

அந்தரங்க இடத்தில் வரும் ஈஸ்ட் தொற்று எப்படி வருகிறது, அதற்கு என்ன மாத்திரை என்பதெல்லாம் போனில் தட்டினால் வந்துவிடுகிறது. அதற்கு அடுத்த இரண்டு வாரத்தைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. மருந்து போட்டாச்சு, தயிர்த் திப்பி மாதிரி வெள்ளைப்படுவதும் நின்னாச்சு. ஆனா தோல் இன்னும் சிவந்து, உரிந்து, தண்ணி பட்டாலே எரியுது. ‘மருந்து வேலை செய்யலையோ?’ என்ற சந்தேகத்தோடு நாம் மெடிக்கல் ஷாப் படியேறுகிறோம். தொற்றைவிட அந்தப் படிதான் ஆபத்து என்பேன்.

முதலில், அந்தச் சிவப்பு ஏன்? கேண்டிடா என்ற ஈஸ்ட் நம் உடம்பில் ஏற்கெனவே இருப்பதுதான். ஈரம், சூடு, சர்க்கரை, ஆன்டிபயாடிக் என்று ஏதாவது ஒன்று சாதகமானால் பெருகிவிடும். மருந்து அதைச் சில நாட்களில் அடக்கிவிடும். ஆனால் அதோடு சண்டை போட்டதில் தோலின் மேலடுக்கு புண்ணாகியிருக்கும். அந்த அடுக்கு புதிதாக வளர்ந்து மேலே வர ஏறக்குறைய நான்கு வாரம் ஆகும். அதனால் மெல்ல மெல்லக் குறைந்துவரும் சிவப்பும் உரிதலும் ஆறுவதன் அறிகுறிகள்தான். நம்மைப் போன்ற மாநிறம், கறுப்புத் தோலில் அந்த இடம் கருத்துப்போய், அது மறைய மாதக்கணக்கிலும் ஆகலாம். அது அழுக்கு இல்லை, தேய்த்துக் கழுவினால் போகாது.

இந்தப் பொறுமை இல்லாதபோது கவுன்டரில் என்ன கிடைக்கிறது? “அரிப்புக்கு ஒரு க்ரீம் குடுங்கண்ணே” என்றால், பல கடைகளில் பூஞ்சைக்கு ஒன்று, பாக்டீரியாவுக்கு ஒன்று, கூடவே ஒரு ஸ்டீராய்டு என எல்லாம் கலந்த ட்யூபை எடுத்து வைக்கிறார்கள். இதில் பெயர்க் குழப்பம் வேறு. க்ளோட்ரிமசோல் பூஞ்சை மருந்து. க்ளோபிடசால் வீரியமான ஸ்டீராய்டு. அவசரத்தில் படித்தால் இரண்டும் ஒன்று போலவே இருக்கும். பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்று ‘சோன்’ போட்டு முடிவதும் ஸ்டீராய்டுதான்.

ஸ்டீராய்டு போட்டால் இரண்டே நாளில் சிவப்பு அடங்கிவிடும். சூப்பர் மருந்து என்று தோன்றும். ஆனால் அது சிவப்பை மட்டும்தான் அடக்குகிறது. பூஞ்சை மிச்சமிருந்தால் அதைத் தடுக்கும் காவலையும் சேர்த்தே தூங்க வைத்துவிடுகிறது. நிறுத்தினதும் இரண்டு மடங்காகத் திரும்பி வரும். திரும்பவும் அதே ட்யூப். 1967-ல் ஃபெல்ட்மேன், மைபாக் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் அளந்து பார்த்தார்கள்: முன்கைத் தோல் உறிஞ்சுவதைவிட விதைப்பைத் தோல் ஹைட்ரோகார்ட்டிசோனை 42 மடங்கு உறிஞ்சியது. கையில் போட்டால் ஒன்றும் செய்யாத அளவு அங்கே என்ன செய்யும் என்று யோசியுங்கள். தோல் மெலியும். தொடை இடுக்கில் வரிவரியாகத் தழும்பு விழும். அந்த வரிகள் முழுசாக மறைவதே இல்லை. டாக்டரே சில நாளைக்கு மென்மையான ஸ்டீராய்டு எழுதித் தருவதுண்டு. பார்த்து, நாள் குறித்துத் தருவது வேறு, நாமே மாசக்கணக்கில் பூசுவது வேறு.

2018 மார்ச்சில் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளுக்கு இருந்த விலக்கை நீக்கி, சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத ஷெட்யூல் ஹெச் பட்டியலில் கொண்டுவந்தது. சட்டம் இருக்கிறது, சீட்டைத்தான் யாரும் கேட்பதில்லை. பழியை முழுக்கக் கடைக்காரர் தலையில் போடவும் எனக்கு மனசில்லை. மாட்டுத்தாவணியிலோ திருமங்கலத்திலோ நாலு பேர் நிற்கும் கவுன்டரில், மனைவிக்காக வந்த கணவர் “அங்க... அரிப்பு” என்று பாதி வார்த்தையை முழுங்கினால் அவர் எதைக் கண்டார்? அது கேண்டிடாவா, படர்தாமரையா, சோப்பு ஒவ்வாமையா என்று பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது. எல்லாவற்றுக்கும் பொதுவாகத்தான் அந்த ட்யூப் வருகிறது.

வெட்கத்துக்குக் கீழே இன்னொரு பயமும் இருக்கிறது. ‘இது தப்பான வழியில் வந்ததுன்னு நினைச்சுடுவாங்களோ?’ ஈஸ்ட் தொற்றைப் பால்வினை நோயாக மருத்துவர்கள் கணக்கில் எடுப்பதில்லை. உறவே இல்லாதவர்களுக்கும் வரும். இது தெரியாமல் வீட்டில் சந்தேகம் கிளம்பி, பேச்சுவார்த்தை நின்றுபோவது எவ்வளவு அநியாயம்!

மதுரைக்காரர்களுக்குக் காசும் ஒரு தடை இல்லை. பெரியாஸ்பத்திரி என்று நாம் சொல்லும் அரசு ராஜாஜி மருத்துவமனையில் தோல் நோய்ப் பிரிவு தனியாகவே இருக்கிறது, இலவசம். ஓ.பி. சீட்டு வாங்க வரிசையில் நிற்கணும், உண்மைதான். சீட்டில் ‘தோல்’ என்று மட்டும் சொன்னால் போதும், மிச்சத்தை உள்ளே சொல்லிக்கொள்ளலாம்.

ஆறும் வரைக்கும் வீட்டில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். வெறும் தண்ணீரில் கழுவி, ஒற்றித் துடையுங்கள். டெட்டால், வாசனை வாஷ், பவுடர் எதுவும் வேண்டாம். எரிந்தால் மணமில்லாத பெட்ரோலியம் ஜெல்லியை வெளித்தோலில் மெல்லிசாகத் தடவலாம். ஆனால் அதுவும், சில பூஞ்சை க்ரீம்களும் ஆணுறையைப் பலவீனமாக்கும். சித்திரை வெயிலில் ஜீன்ஸோடு பைக்கில் ஒரு மணி நேரம் வந்தால், வந்ததும் உள்ளாடையை மாற்றுங்கள். ராத்திரிக்குப் பருத்தி லுங்கியோ நைட்டியோ போதும். குறித்துக் கொடுத்த நாள் வரை பூஞ்சை மருந்தை நிறுத்தாதீர்கள், நல்லாயிடுச்சு என்று தோன்றினாலும்.

ஒரு வாரத்தில் குறையவே இல்லை, புண், வெடிப்பு, வெள்ளைத் திட்டு தெரிகிறது, அல்லது கர்ப்பமாக இருக்கிறீர்கள் என்றால் காத்திருக்க வேண்டாம். ஒரே வருஷத்தில் மூன்று தடவை வந்தால் சர்க்கரையையும் பாருங்கள். 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி தமிழ்நாட்டில் வளர்ந்தவர்களில் 14.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு. ஏற்கெனவே டேபாக்ளிஃப்ளோசின் மாதிரி மாத்திரை எடுப்பவர்களுக்குச் சிறுநீரில் சர்க்கரை வெளியேறுவதால் இந்தத் தொற்று எளிதில் திரும்பும். அந்த மாத்திரையை நீங்களே நிறுத்தாதீர்கள், எழுதித் தந்தவரிடம் சொல்லுங்கள்.

டாக்டரிடம் போகும்போது இதுவரை பூசின ட்யூப் எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு எடுத்துட்டுப் போங்க, காலியானதையும் சேர்த்து. ஸ்டீராய்டு பட்ட பூஞ்சை தன் வழக்கமான உருவத்தையே மாற்றிக்கொள்ளும். எது, எத்தனை நாள் போட்டீர்கள் என்று தெரிந்தால்தான் அவரால் சரியாகக் கண்டுபிடிக்க முடியும்.