படகு தரை தட்டினால் பயிர் மூழ்கும்!



எண்ணூர் முகத்துவாரத்துல மீனவர் படகு தரை தட்டினா, அதுக்கு விவசாய சங்கம் ஏன் குரல் கொடுக்கணும் என்று சிலர் கேட்கிறார்கள். அவர்கள் படகு இறக்குவதும் நாம் நாற்று நடுவதும் ஒரே கொசஸ்தலை ஆற்றை நம்பித்தான். அதனால்தான் பேசுகிறோம்.

இந்த ஆற்றை மறித்து 1944-இல் பூண்டி நீர்த்தேக்கம் கட்டப்பட்டது. சென்னையின் தாகம் தீர்வதை நாம் எதிர்க்கவில்லை. அங்கே தேக்கியது போக மிஞ்சும் தண்ணீர் தாமரைப்பாக்கம், வல்லூர் அணைக்கட்டுகளைத் தாண்டி எண்ணூரில் கடலில் சேர்கிறது. காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம் மக்கள் அங்கேதான் படகு இறக்கிப் பிழைக்கிறார்கள்; இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் கையாலேயே இறால் பிடிப்பவர்களும் உண்டு.

அந்த ஆற்றின் கதி என்ன? அனல்மின் நிலையத்துச் சாம்பல் குழாய்கள் உடைந்து ஒழுகி, ஆற்றின் அடியில் சாம்பல் படிந்துவிட்டது. துடுப்பு போட்ட இடத்தில் சேறு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி ஆலைப் பக்கமிருந்து எண்ணெயும் வந்து, படகும் வலையும் கறுத்துப் போயின.

இது மீனவர் பாடு, நமக்கென்ன என்று இருந்துவிட முடியுமா? படகு போக ஆழமில்லாத ஆற்றில் வெள்ளம் மட்டும் எப்படிப் போகும்? மேலே மதகைத் திறக்கிறார்கள், கீழே வாய் அடைத்துக் கிடக்கிறது. நடுவில் நிற்பது நம்ம நெல்லு!

ஆழப்படுத்தினா உப்புத்தண்ணி உள்ளே ஏறாதா? நியாயமான கேள்விதான். நகரத்துக்கும் ஆலைக்கும் நிலத்தடி நீரை உறிஞ்சியதில் மீஞ்சூர்ப் பக்கம் கிணறுகள் உப்பானதை நாம் மறக்கவில்லை. ஆகவே இரண்டு வேலையும் சேர்ந்தே நடக்கணும்.

நாம் கேட்பது:

1. ஆற்றில் படிந்த சாம்பலை முழுதாக அள்ளு. முகத்துவாரத்தை மணல் மூடாமல் பராமரி!

2. வல்லூர் அணைக்கட்டைப் பலப்படுத்தி நல்ல தண்ணீரைத் தேக்கு, உப்பைத் தடு!

3. மதகு திறக்கும் முன்பே கரையோர ஊர்களுக்குத் தண்டோரா போட்டுச் சொல். மூழ்கிய பயிருக்கும் முடங்கிய படகுக்கும் நஷ்ட ஈடு கொடு!

கிராம சபையில் இந்த மூன்றையும் தீர்மானமாகப் போடுங்கள். மனு கொடுக்கப் போகும்போது மீனவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள். தனித்தனியாகப் போனால் தாலுகா ஆபீசில் உட்காரச் சொல்லக்கூட ஆள் இருக்காது. ஏரும் படகும் சேர்ந்து போனால் கேட்டுத்தான் ஆகணும்!