வீட்டு எண் விழுந்தால் வீட்டையே இடிப்பீர்களா?

நீளமான பதிவு. கோபத்தில் எழுதுகிறேன். முழுவதும் படித்துவிட்டு அப்புறம் சண்டைக்கு வாருங்கள்.

போன வாரம் கடையில் கொடுத்து என் கணினியில் விண்டோஸைப் புதிதாக ஏற்றச் சொன்னேன். ஏற்றிக் காட்டினார்கள். சி டிரைவ் இருந்தது, டி டிரைவைக் காணோம். பள்ளி ஆண்டுவிழாப் படங்கள், உங்கள் பத்தாம் வகுப்புக் குழுப் படங்கள், காலமான என் அம்மாவின் குரல் பதிவு எல்லாம் அதில்தான். "பார்ட்டிஷன் போயிடுச்சு சார், ஃபார்மேட் போட்டா வந்துடும்" என்றார் கடைக்காரர். என்ன வரும்? காலி டிரைவ் வரும். அம்மாவின் குரல் வருமா?

கணினியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். நம் பர்கூர் அரசு பொறியியல் கல்லூரியில் படித்த பழைய மாணவி ஒருத்திக்கு ஃபோன் போட்டேன். அவள் சொல்லச் சொல்ல நான் அழுத்தினேன். இரண்டே நிமிடம். டி திரும்ப வந்தது, ஒரு படம்கூடக் குறையவில்லை.

தப்பித்தவனுக்கு ஏன் கோபம் என்று கேட்பீர்கள். இங்கே ஜவுளிக்கடை வைத்திருக்கும் என் அக்கா மகனுக்கு இரண்டு வருடம் முன்பு இதே நிலை, வேறொரு கடையில் இதே பதில். அவன் தலையாட்டிவிட்டான். 7 வருடக் கணக்கும் மகள் கல்யாண வீடியோவும் போயே போயின. அவனுக்கும் அந்த இரண்டு நிமிடம் போதுமாக இருந்திருக்கலாம். யாரும் பார்க்கவே இல்லை. அதுதான் கோபம்.

டிரைவ் எழுத்து என்பது வீட்டு எண் மாதிரி. பழைய எண், புதிய எண் என்று நம் தெருவிலேயே மாற்றி மாற்றி ஒட்டினார்களே, வீடு நகர்ந்ததா? ஏ, பி இரண்டையும் அந்தக் காலத்தில் ஃப்ளாப்பிக்குக் கொடுத்தார்கள். அதனால்தான் ஹார்ட் டிஸ்க் இன்றும் சி-யில் தொடங்குகிறது. கோப்புகள் வட்டில் இருக்கின்றன. எழுத்து விண்டோஸ் தன் பதிவேட்டில் எழுதிக்கொள்ளும் குறிப்பு மட்டுமே. புதிய விண்டோஸ் ஏற்றினால் அந்தக் குறிப்பேடும் புதிது. என் கணினியில் டி எழுத்தை டிவிடி டிரைவ் பிடித்துக்கொண்டது, என் பகுதி எழுத்தே இல்லாமல் நின்றது. அவ்வளவுதான் "போயிடுச்சு".

செய்ய வேண்டியது இதுதான், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் பொத்தானையும் எக்ஸ் எழுத்தையும் சேர்த்து அழுத்தி 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' திறங்கள். காணாமல் போன பகுதி 'என்டிஎஃப்எஸ்', 'ஹெல்தி' என்று எழுத்தில்லாமல் நின்றால், அதன்மேல் வலது கிளிக் செய்து, 'சேஞ்ச் டிரைவ் லெட்டர் அண்ட் பாத்ஸ்' போய், 'ஆட்' கொடுங்கள். நீங்கள் கேட்கும் எழுத்து பட்டியலில் இல்லையென்றால் வேறு யாரோ அதை வைத்திருக்கிறார்கள்: டிவிடி டிரைவ், கார்டு ரீடர், அலுவலக சர்வர் இணைப்பு. அதற்கு வேறு எழுத்து கொடுத்துவிட்டு இதற்குக் கொடுங்கள். சி-யை மட்டும் தொடாதீர்கள். சின்னச் சின்ன ரெகவரி, இஎஃப்ஐ பகுதிகளுக்கு எழுத்து இல்லாததுதான் சரி, அவற்றையும் விட்டுவிடுங்கள்.

'ஆஃப்லைன்' என்றிருந்தால் 'ஆன்லைன்' ஆக்கிப் பாருங்கள். 'ரா' என்றோ 'அன்அலோகேட்டட்' என்றோ காட்டினால் கையை எடுத்துவிடுங்கள். ஃபார்மேட்டும் வேண்டாம், இனிஷியலைஸும் வேண்டாம். முதலில் டெஸ்ட்டிஸ்க் போன்ற மீட்பு மென்பொருள் தெரிந்தவரிடம் காட்டுங்கள். டிஸ்க்கில் 'டக் டக்' சத்தம் கேட்டால் உடனே அணையுங்கள்.

இன்னொன்று. 2011 செப்டம்பரில் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் உங்களில் பலர் வாங்கினீர்கள். அவற்றில் பலவற்றில் விண்டோஸும் லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. லினக்ஸ் பகுதியை விண்டோஸுக்குப் படிக்கத் தெரியாது. தனக்குத் தெரியாத மொழியில் எழுதியிருக்கிறது என்பதற்காக நோட்டைக் கிழிக்கலாமா? "பயன்படுத்த வேண்டுமானால் ஃபார்மேட் செய்" என்று திரையில் வருகிறதே, அது கட்டளை இல்லை, கேள்வி. 'கேன்சல்' என்ற பொத்தானும் பக்கத்திலேயே இருக்கிறது.

"குயிக் ஃபார்மேட்தானே சார், அப்புறம் மீட்டுக்கலாம்" என்பீர்கள். பழைய ஹார்ட் டிஸ்க்கில் ஓரளவு முடியும். விஸ்டாவுக்குப் பிறகு வந்த விண்டோஸில் முழு ஃபார்மேட் போட்டால் வட்டு முழுக்கப் பூஜ்யம் எழுதிவிடும். எஸ்எஸ்டி-யில் குயிக் ஃபார்மேட் போட்டாலே பெரும்பாலும் கதை முடிந்தது.

"பேக்கப் எடுக்காதது உங்க தப்பு" என்றும் சொல்வீர்கள். ஒப்புக்கொள்கிறேன், நேற்றே வாங்கிய வெளி டிஸ்க்கில் ஒரு நகல் எடுத்துவிட்டேன். ஆனால் நோயாளி முன்பே வரவில்லை என்பதற்காக நாடி பிடிக்காமல் காலை வெட்டுகிற வைத்தியனை மன்னிப்பீர்களா?

கடைக்காரர்கள் மேல் மட்டும் பழி போடவில்லை. வரிசையில் பத்துப் பேர், கூலியில் பேரம். ஃபார்மேட் போட்டால் வேலை சீக்கிரம் முடியும், யோசித்துப் பார்ப்பதற்கு யார் காசு கொடுக்கிறோம்? ஓசூரிலும் பெங்களூரிலும் கணினி வேலை பார்க்கும் என் பிள்ளைகளே, உங்களில் மூன்று பேரிடம் நானும் கேட்டேன். மூன்று பேரும் திரையைப் பார்க்காமலே "ஃபார்மேட் போடுங்க சார்" என்றீர்கள். கணக்கு தப்பானால் எந்த வரியில் தப்பு என்று தேடச் சொல்லித்தானே கொடுத்தேன்? தாளைக் கிழித்துப் போடு என்றா சொன்னேன்?

இனி யாராவது உங்களிடம் "டிரைவைக் காணோம்" என்று வந்தால், முதல் கேள்வி "உள்ளே என்ன இருந்தது?" என்று இருக்கட்டும். இரண்டாவது, டிஸ்க் மேனேஜ்மென்ட் திரையைப் பார்ப்பது. ஃபார்மேட் என்ற சொல் கடைசியில் வரட்டும்.

1990-களில் படித்தவர்கள் குழுப் படம் வேண்டுமென்றால் கேளுங்கள், அனுப்புகிறேன். பத்திரமாக இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் சார், பர்கூர்