தலையை எண்ணாத நீர்மானி

தண்ணீர்க் கட்டணம் உயரவே கூடாது என்பாரோடு எனக்கு உடன்பாடில்லை. ஆற்றுநீரைத் தூய்மை செய்யவும், மேட்டுத் தொட்டிகளுக்கு ஏற்றவும், பழங்குழாய்களை மாற்றவும் பொருள் வேண்டும். சிலாங்கூரில் 2006-க்குப் பின் வீட்டுக் கட்டணம் பல்லாண்டுகள் உயராதிருந்ததும் உண்மையே. ஆதலின், 2024 பிப்ரவரி 1 முதல் தீபகற்பத்திலும் லாபுவானிலும் கன மீட்டருக்குச் சராசரியாக 22 காசு கூட்டப்பட்டபோது என்னை உறுத்தியது உயர்வன்று. கட்டணம் விதிக்கும் முறையே.

அம்முறை யாது? மாதத்தில் முதல் 20 கன மீட்டருக்கு ஒரு விலை; அடுத்த 15-க்கு அதனினும் மிகுந்த விலை; 35-ஐக் கடந்தாலோ தண்டம் போன்றதொரு விலை. சிலாங்கூரில் அன்று 57 காசு 65 காசாயிற்று, 1.03 வெள்ளி 1.32 ஆயிற்று, 2 வெள்ளி 2.63 ஆயிற்று. நீரை வீணாக்குவோரைத் தடுக்கவே இப்படிநிலை என்பர். கேட்பதற்கு அறமாகவே தோன்றுகிறது. ஆயினும், நீர்மானி வீட்டை அறியுமேயன்றி வீட்டிலுள்ளாரை அறியாது!

கணக்கிட்டுப் பார்ப்போம். ஆளுக்கு நாளொன்றுக்கு 200 லிட்டர் எனக் கொள்வோம். தாத்தா, பாட்டி, மகன், மருமகள், பிள்ளைகள் நால்வர் என எண்மர் வாழும் வீட்டிற்கு 30 நாளில் 48 கன மீட்டர் ஆகும். பழைய விலையில் 52.85 வெள்ளி, 2024-இன் விலையில் 66.99 வெள்ளி. கணவனும் மனைவியும் மட்டுமே வாழும் வீட்டிற்கு 12 கன மீட்டர், 6.84 வெள்ளியாக இருந்தது 7.80 ஆயிற்று. முன்னவர்க்குக் கூடியது பதினான்கு வெள்ளிக்கு மேல். பின்னவர்க்கு ஒரு வெள்ளிகூட இல்லை. இன்னும் கேளுங்கள். அவ்விருவரும் ஆளுக்கு 300 லிட்டர் தாராளமாகச் செலவிடினும் தலைக்கு 5.85 வெள்ளியே. சிக்கனமாய் 200 லிட்டரோடு நின்ற எண்மரோ தலைக்கு 8.37 வெள்ளி செலுத்துகின்றனர். வீணாக்குவோர் எவர்? தண்டம் செலுத்துவோர் எவர்?

தோட்டங்கள் துண்டாடப்பட்டபின் மலிவு விலை அடுக்குமாடிகளில் குடியேறிய நம் குடும்பங்களுள் முதியோரையும் உடன்வைத்துக் காப்பவை பல. அவ்வீட்டுப் பிள்ளைகளே நம் வகுப்புகளில் அமர்ந்திருக்கின்றனர். மலாய்க் கம்பத்திலும் சீனர் புதுக்கிராமத்திலும் இத்தகைய வீடுகள் உண்டு. ஆதலின் இஃது ஓரினத்தின் குறையன்று.

சலுகை உண்டே என்பர். சிலாங்கூர் அரசு 2008-இல் முதல் 20 கன மீட்டரை இலவசமாக்கியது. 2020 முதல் அது வருமானம் குறைந்தோர்க்கு மட்டும் என்றாயிற்று. நல்ல திட்டமே. எனினும் அதுவும் வீட்டிற்கு இருபதே! 2024-இன் விலையில் இருவர் வீட்டிற்குக் கட்டணமே இராது. எண்மர் வீட்டிற்கோ 13 வெள்ளி கழிந்தும் 53.99 எஞ்சும்.

இதற்கிடையே 2022-இல் நாட்டில் தூய்மை செய்யப்பட்ட நீரில் மூன்றிலொரு பங்கிற்கும் மேற்பட்டது வருவாய் தராமலே போயிற்று. அதில் பெரும்பகுதி குழாய்க் கசிவு. குழந்தை குளித்த நீருக்குப் படிநிலை விலை உண்டு. சாலைக்கடியில் ஒழுகிய நீருக்கு ஒரு படியும் இல்லை.

வீட்டில் எத்துணைப் பேர் என்பதை அரசு எங்ஙனம் அறியும் என வினவலாம். மால்ட்டா தீவில் குறைந்த விலை நீரின் அளவு ஆளுக்கு இவ்வளவு என்றே வரையறுக்கப்பட்டுள்ளது. அவ்வளவு தொலைவு செல்வானேன்? நம் நாட்டின் ரஹ்மா உதவித்தொகை பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பொறுத்தே வழங்கப்படுகிறது. கொடுக்கும்போது தலையை எண்ணத் தெரிந்த அரசுக்கு, வாங்கும்போது மட்டும் எண்ணத் தெரியாதோ?

ஆசிரிய நண்பர்களே, ஐந்தாம் ஆண்டுக் கணிதப் பாடத்திற்கு இதனினும் சிறந்த கணக்கு வேண்டுமோ? மாணவர் தத்தம் வீட்டுக் கட்டணச் சீட்டைக் கொணர்ந்து, தலைக்கு எவ்வளவு என வகுத்துக் காணட்டும். பெயர்களை நீக்கிவிட்டு, அத்தாள்களையே தேசிய மொழிக் கடிதத்தோடு இணைத்து, தொகுதிச் சட்டமன்ற உறுப்பினர்க்குப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் வழி அனுப்பலாம்.