கைவேலைப் பக்கம்: சூடு தாங்கும் பிடிதுணி



அடுப்படிக்கான பிடிதுணி பின்னுவது பற்றி எழுதும்படி சிலர் கேட்டிருந்தீர்கள். முதலில் நான் விட்ட பிழையைச் சொல்லி விடுகிறேன்.

நல்லூர்த் திருவிழா 25 நாளும் கோயில் வீதிகளில் சனம் நிறைந்திருக்கும். அந்தக் கூட்டத்தை நம்பி ஒரு வருடம் 12 பிடிதுணிகள் பின்னிக் கடையொன்றில் கொடுத்தேன். நிறம் வடிவாக இருந்ததால் கம்பளி நூல் என்று விற்பதை வாங்கியிருந்தேன். எல்லாம் விற்றுப் போயின. ஒரு வாரத்தில் பக்கத்து ஒழுங்கை அக்கா ஒன்றைத் திருப்பிக் கொண்டுவந்தா. கறிச்சட்டியை இறக்கும்போது நூல் உருகிச் சட்டியில் ஒட்டி, விரலிலும் கொப்புளம். "வடிவாத்தான் இருக்கு பிள்ளை, அடுப்படிக்கு உதவாது" என்றா. காசைத் திருப்பிக் கொடுத்தேன். மற்றப் பதினொன்றும் யார் வீட்டில் இருக்கின்றனவோ என்ற யோசனையில் பல நாள் நித்திரை வரவில்லை.

கம்பளி என்று விற்கப்படும் பல நூல்கள் அக்ரிலிக். அது பிளாஸ்ரிக் வகை. பருத்தி நூல்தான் வேண்டும். சந்தேகமானால் ஒரு சிறு துண்டை நெருப்பில் காட்டுங்கள். பருத்தி, கடதாசி எரியும் மணத்துடன் சாம்பலாகும். மற்றது உருகிச் சுருண்டு கட்டியாகும். ஈரமான பிடிதுணியும் ஆபத்து; ஈரத்தினூடாகச் சூடு உடனே கைக்கு வந்துவிடும்.

இனிப் பின்னும் முறை. 4 மில்லிமீற்றர் கொக்கி ஊசியால் 10 அங்குல நீளத்துக்குச் சங்கிலி போடுங்கள். ஒவ்வொரு கண்ணிலும் ஊசியை விட்டு நூலை இழுத்து, ஊசியில் உள்ள இரண்டு வளையங்களினூடாகவும் மறுபடி இழுங்கள். முனைக்கு வந்ததும் திருப்பாமல் சங்கிலியின் மறுபக்கத்தில் தொடருங்கள். இப்படியே சுற்றிச் சுற்றிப் பின்னினால் ஒரு பை போல எழும்பும். 5 அங்குல ஆழம் வந்ததும், வாயின் இரு ஓரங்களும் குறுக்கே மூலைக்கு மூலை வரும்படி மடித்துப் பொருத்தித் தையுங்கள். 7 அங்குலச் சதுரம், இரட்டைத் தடிப்பு. கொழுவ ஒரு வளையமும் வையுங்கள். 2022இல் எரிவாயு இல்லாமல் விறகடுப்புக்குத் திரும்பியபோதுதான் கடும் நிறத்தின் அருமை எனக்குத் தெரிந்தது, கரி தெரியாது.

1995 ஐப்பசியில் நல்லூரை விட்டுத் தென்மராட்சிக்கு நடந்தபோது என் பையில் இந்தக் கொக்கி ஊசியும் இருந்தது. மின்சாரமும் மெசினும் தேவையில்லாத தொழில் இது. 1845இல் தொடங்கிய பஞ்சத்தில் அயர்லாந்துப் பெண்கள் இதே ஊசியால் ரேந்தை பின்னி விற்றுத்தான் குடும்பம் பார்த்தார்கள்.

ஒன்று பின்ன எனக்கு இரண்டரை மணித்தியாலம் செல்கிறது. நூல் விலையோடு அந்த நேரத்துக்கும் கூலி போட்டுத்தான் விலை சொல்கிறேன். "சும்மா இருக்கிற நேரத்தில பின்னுறதுதானே" என்று குறைத்துக் கேட்பவர்களுக்கு நான் கொடுப்பதில்லை.

முதலாவதை விற்காதீர்கள். உங்கள் அடுப்படியிலேயே ஒரு மாதம் பாவித்துப் பாருங்கள்.