தெரிகிற வரைக்கும்

சென்ற ஞாயிற்றுக்கிழமை என் மானம் கப்பலேறிவிட்டது. ஏற்றியவள் என் அண்ணன் மகள். நாலாம் வகுப்பு படிக்கிறாள்.

"சித்தப்பா, நம்ம மாடியிலேர்ந்து தெரியுற மலையை வரைஞ்சு குடுங்க. பள்ளிக்கூடத்துல கேட்டிருக்காங்க" என்றாள்.

இது என்ன பிரமாதம் என்று பென்சிலை வாங்கினேன். இரண்டு முக்கோணம், நடுவே அரை வட்டமாகச் சூரியன், அதைச் சுற்றி நாலைந்து கோடு. காரியம் முடிந்தது.

குழந்தை தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நம்ம மலை இப்படியா இருக்கு? அங்கே சூரியன் உதிக்கவே உதிக்காதே, சித்தப்பா. மறையத்தானே செய்யும்!" என்றாள்.

நான் தேனியிலேயே பிறந்து வளர்ந்தவன். முப்பது வருஷத்துக்கு மேலாக அந்த மேற்கு மலையைப் பார்த்தபடிதான் பல் துலக்குகிறேன். ஆனால் எந்த மேடு உயரம், எந்த இடத்தில் சரிவு என்று கேட்டால் திருதிருவென்று விழிக்க வேண்டியிருக்கிறது. கண் இரண்டும் நன்றாகத்தான் இருக்கின்றன. பார்த்தால்தானே!

அன்று ராத்திரி எனக்கு மனோகர் தேவதாஸின் ஞாபகம் வந்தது.

நம் கம்பம் பள்ளத்தாக்கின் தண்ணீரெல்லாம் முல்லையாற்றோடு வந்து வைகையில் கலந்து மதுரையை நோக்கிப் போகிறதல்லவா? அந்த மதுரையில் 1936-ல் பிறந்தவர் அவர். 1996 வரை தேனியும் மதுரை மாவட்டத்தில்தான் இருந்தது. ஆகையால் அவரை நம் ஜில்லாக்காரர் என்று கொண்டாட நமக்கும் கொஞ்சம் பாத்தியதை உண்டு.

உத்தியோகத்தால் அவர் சித்திரக்காரர் அல்ல, ரசாயனம் படித்தவர். மதுரை அமெரிக்கன் கல்லூரியில் பட்டம் பெற்றார். அமெரிக்காவின் ஓபர்லின் கல்லூரியிலும் படித்தார். வேலை பார்த்தது சென்னையில். ஆனால் மனசு மட்டும் மதுரையை விட்டு நகரவேயில்லை. ஓய்ந்த நேரமெல்லாம் பேனாவும் கறுப்பு மையும்தான். மீனாட்சியம்மன் கோயில் கோபுரங்கள், யானைமலை, பழைய தெருக்கள் என்று அணு அணுவாக வரைந்தார்.

பேனாச் சித்திரம் லேசான வித்தை அல்ல. வர்ணம் பூசித் தப்பை மறைக்க முடியாது. இட்ட கோட்டை அழிப்பதும் சுலபமல்ல. நிழல் வேண்டுமானால் கோடுகளை நெருக்கி இட வேண்டும். வெளிச்சம் வேண்டுமானால் காகிதத்தை அப்படியே விட்டுவிட வேண்டும். கோபுரத்திலே எத்தனை பொம்மைகள்! அவ்வளவுக்கும் இந்த நுணுக்கமான கோடுகள்தாம்.

இந்த வேலையைச் செய்தவருடைய கண்ணைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். 'ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா' என்று வாயில் நுழையாத பெயர் கொண்ட நோய் அவருக்கு இருந்தது. முதலில் மாலைக்கண் போலத்தான் தோன்றும். சத்துக் குறைவால் வரும் மாலைக்கண் என்றால் மருந்தும் கீரையும் கைகொடுக்கும். இது அந்த ரகம் அல்ல. விழித்திரையில் ஒளியை உணரும் அணுக்கள் சிறிது சிறிதாக மடிந்துபோகும். பார்வை ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டே வந்து, கடைசியில் குழாய் வழியாக உலகத்தைப் பார்ப்பது போல் ஆகிவிடும். அப்படிப்பட்டவருக்கு முழுக் கோபுரம் ஒரே பார்வையில் அகப்படாது. துண்டு துண்டாகப் பார்த்து, மனசுக்குள்ளே சேர்த்துக் கட்டியாக வேண்டும்.

விதி அத்தோடு விடவில்லை. 1963-ல் அவர் கைப்பிடித்த மனைவி மஹிமா. அவரும் சித்திரக் கலை தெரிந்தவர். 1972 டிசம்பரில் நடந்த ஒரு கார் விபத்தில் மஹிமாவுக்குத் தோளுக்குக் கீழே உடம்பு செயலற்றுப் போயிற்று. பிறகு ஏறக்குறைய 36 வருஷம், 2008-ல் அவர் காலமாகும் வரை, சக்கர நாற்காலியில்தான் வாழ்க்கை. கணவருக்குப் பார்வை போய்க்கொண்டிருக்கிறது. மனைவிக்குக் கையும் காலும் போய்விட்டன. ஒரு குழந்தையும் உண்டு. அந்த வீட்டை நினைத்துப் பாருங்கள்.

நீங்களும் நானுமாயிருந்தால் மூலையில் உட்கார்ந்து அழுதிருப்போம். இவர்களோ வாழ்த்து அட்டை தயாரித்தார்கள்! சித்திரம் கணவருடையது, அதற்கான வாசகம் மனைவியுடையது. விற்ற பணம் தர்ம காரியங்களுக்குப் போயிற்று. மனைவியைப் பராமரித்த நேரம் போக, கனத்த கண்ணாடியும் பளிச்சென்ற விளக்குமாக உட்கார்ந்து தேவதாஸ் வரைந்துகொண்டேயிருந்தார். எழுதவும் செய்தார். அவருடைய பிள்ளைப் பருவத்து மதுரையைச் சொல்கிறது 'கிரீன் வெல் இயர்ஸ்' என்ற ஆங்கில நூல். மனைவியின் நெஞ்சுரத்தைப் பற்றியும் தனியாக ஒரு புத்தகம் எழுதினார். 2007-ல் வந்த 'மல்ட்டிபிள் ஃபேசட்ஸ் ஆஃப் மை மதுரை'யைப் புரட்டினால், மதுரையிலேயே குடியிருப்பவர்களுக்குக்கூட 'இதை நாம் பார்த்ததேயில்லையே' என்று தோன்றும்.

2020-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. அதற்குள் பார்வை அநேகமாகப் போய்விட்டிருந்தது. 2022 டிசம்பரில், 86-வது வயதில் காலமானார்.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று பரிகாசமாகச் சொல்வோம். இவர் கண் கெட்டுக்கொண்டிருக்கும்போதே சூரிய நமஸ்காரம் செய்தவர். இன்று தெரிவது நாளைக்குத் தெரியாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நமக்கு அந்தப் பயம் இல்லை. மலை எங்கே ஓடிப்போகிறது, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கிறோம். செல்போனில் ஒரு படம் பிடித்து வைத்துவிட்டால் பார்த்தாயிற்று என்றே நினைத்துக்கொள்கிறோம். மலை ஓடாது, வாஸ்தவம். மாடியில் நம்மோடு நிற்கும் மனுஷர்கள்? நம் கண்?

மறுநாள் சாயங்காலம் குழந்தையை அழைத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். தாளும் பென்சிலும் அவளிடம். என் வேலை பார்த்துச் சொல்வது மட்டும். முக்கோணம் என்று எதுவும் அங்கே இல்லை. படுத்திருக்கும் மாட்டின் முதுகு மாதிரி நீளமாக ஒரு மேடு. அப்புறம் ஒரு சரிவு. அதற்குப் பின்னால் இன்னொரு மலை, நீலமாக, நான் ஒரு நாளும் கவனித்திராத மலை!

சூரியன் இறங்கிவிட்டது. "இருட்டிடுச்சு சித்தப்பா. கோடு சரியாத் தெரியலை" என்றாள் குழந்தை.

"தெரியுற வரைக்கும் வரை, கண்ணு" என்றேன்.